மேலடுக்கில் நின்றவள்

ஈரடுக்குத் திரைகள் தென்காசிக்கு வந்து சேர்ந்த மாதத்தில்தான் நீக்கப்பட்டவர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவர் ஒரு மாப்பிள்ளை. விவாகரத்து ஆகி ஒன்பது வருடம் ஆனவர். புதுத் திரையைச் சுவரில் மாட்டிய கையோடு அந்தக் குடும்பம் பழைய வளைகாப்பு வீடியோவைப் போட்டுப் பார்த்தது. பந்தியில் காலியாக இருக்க வேண்டிய ஓர் இலைக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது. முகம் இல்லை. மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, கைக்கடிகாரத்தின் பளபளப்பு, எண்ணெய் வைத்த தலையின் கறுப்பு, இவ்வளவுதான். அந்த வீட்டுப் பெண் அப்பளம் நொறுங்கும் விதத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டாள்.

அடுத்து, சொத்துத் தகராறில் விலக்கி வைக்கப்பட்ட ஒரு தாய்மாமன், காதுகுத்து வீடியோவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தோன்றினார். பழைய டிவியில் அந்தக் குழந்தை ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தது. புதுத் திரையில் நாற்காலிக்கு ஒரு கைக்குட்டையும் நரைத்த மீசையும் இருந்தன.

அந்த ஒரு வாரத்தில் ஜோதி வீடியோ கடைக்கு முப்பத்தொரு அழைப்புகள் வந்தன.

"பேய் இல்ல சார். பேய் இல்ல. அது படமே இல்ல, வெறும் தூசி. சரி பண்ணித் தாரோம்" என்று முப்பத்தொரு பேருக்கும் சொல்லிவிட்டுத் தங்கதுரை போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். கடையின் முதலாளி அவர்தான். கடையின் பாதி அவருடையது. மறுபாதியில் அவர் மனைவி கிளாடிஸ் ரவிக்கை தைத்தாள். நடுவில் ஒரு துணித்திரை மட்டும் தொங்கும். அதுவும் பெரும்பாலும் ஒதுங்கியே கிடக்கும்.

"பேய் இல்ல பேய் இல்லன்னு சொல்லிச் சொல்லி உங்க மூஞ்சியே பேய் மாதிரி ஆயிட்டு" என்றாள் கிளாடிஸ், நூலைப் பல்லால் கடித்தபடி. "அந்த மேலடுக்குன்னா என்னன்னு எனக்கும் ஒருக்கச் சொல்லுங்களேன்."

"தாரிணிகிட்டக் கேளு. நான் வியாபாரம், அவதான் வேலை."

பவதாரிணிக்கு வயது முப்பத்திரண்டு. பத்தொன்பது வயதில் இந்தக் கடைக்கு வந்தவள். வாடிக்கையாளர் வந்தால் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். ஆனால் ஒரு வீடியோவைப் பார்த்தால், எந்த நிழல் எந்த விளக்கிலிருந்து விழுகிறது என்று சொல்லிவிடுவாள். கிளாடிஸிடம் மட்டும் அவளுக்குப் பேச்சு வரும்.

"கல்யாண வீட்டுல வெளிச்சம் ரொம்ப அகலம்க்கா. ஓமத்தீ ஒரு பக்கம் எரியும். பந்தலுக்குள்ள நிழல் ஒரு பக்கம் அப்பிக் கிடக்கும். கேமரா ரெண்டையும் பாத்துரும். சாதாரண டிவிக்கு அம்புட்டு அகலத்தக் காட்டத் தெரியாது. அதனால ஃபைல ரெண்டா எழுதுவாவ. கீழடுக்கு முழுப் படம். எந்த டிவியில போட்டாலும் ஓடும். அதுல அடங்காம மிஞ்சினது மேலடுக்கு."

"அதுவும் படமா?"

"இல்ல. வித்தியாசம். இந்தப் புள்ளி இன்னும் இம்புட்டுப் பிரகாசம், அந்தப் புள்ளி இன்னும் இம்புட்டு இருட்டு, இந்த ஓரம் இன்னும் கொஞ்சம் கூர்மை. அந்தக் கணக்கு மட்டும். பழைய டிவி அதத் தொடாமலே தாண்டிப் போயிரும். புதுத் திரை கீழடுக்கோட அதையும் கூட்டிக் காட்டுது."

"மேலடுக்க மட்டும் தனியாப் போட்டா?"

"சாம்பலத் தூவின மாதிரி இருக்கும்னு சொல்லுவாவ. நான் போட்டுப் பாத்ததில்ல. யாரும் போட்டுப் பாத்திருக்க மாட்டாவ."

கிளாடிஸ் கையிலிருந்த ரவிக்கையைப் புரட்டி உள்பக்கத்தைக் காட்டினாள். தையலுக்கு அப்பால் ஒரு விரற்கடை துணி மடித்து விடப்பட்டிருந்தது. "இது மாதிரியா? வெளிய தெரியாது. நாளைக்கு உடம்பு போட்டா, பிரிச்சு விட்டுக்கலாம்."

"ஏறக்குறைய."

"அப்ப நீங்க வெளித் துணியில ஆள அழிச்சிட்டு, உள்ள மடிச்சதுல அப்படியே விட்டுட்டிய. தையக்காரி இப்படிச் செஞ்சா ஊருக்குள்ள நடமாட முடியுமா?"

தங்கதுரை கணக்கு நோட்டைத் திறந்தார். உண்மை அதுதான். பதின்மூன்று வருடமாக அவர் கடை செய்துவந்த தொழிலுக்கு நீக்கம் என்று பெயர். குடும்பத்தோடு ஒத்துவராமல் போனவர்களை, ஓடிப்போய்க் கல்யாணம் செய்தவர்களை, விலக்கி வைக்கப்பட்டவர்களை வீட்டு விசேஷ வீடியோக்களிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சுவரையோ பூமாலையையோ வரைந்து கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் கடையில் இருந்த பழைய டிவியில் போட்டுச் சரிபார்ப்பார்கள். அந்த டிவிக்குக் கீழடுக்கு மட்டும்தான் தெரியும். ஊரில் எல்லா டிவியும் அப்படித்தான். ஆனாலும் ஒவ்வொரு ரசீதிலும் 'இரண்டடுக்கும் சுத்தம்' என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். பொய் சொல்கிறோம் என்று நினைத்து யாரும் அச்சடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாதது சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்கள்.

இப்போது எல்லாவற்றையும் சரிசெய்து தர வேண்டும். மேலடுக்கை ஒவ்வொரு ஃபிரேமாகத் திருத்தினால் ஒரு கல்யாணத்துக்கு ஒரு மாதம் ஆகும். தங்கதுரை சுருக்கு வழி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். பழைய மேலடுக்கை மொத்தமாக உருவிவிட்டு, அந்த இடத்தில் வெறும் மேலடுக்கு ஒன்றை வைப்பது. எல்லாப் புள்ளிக்கும் பூஜ்யம். திரையின் மூலையில் ஈரடுக்கு முத்திரை வரும். கூட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பவதாரிணிக்குத் தெரிந்தது. இதுவரை அவர்கள் செய்தது மறைப்பது. இனிமேல் செய்யப்போவதுதான் அழிப்பது. கீழடுக்கில் ஆளின் மேல் சுவரை வரைந்தாயிற்று. மேலடுக்கையும் உருவிவிட்டால் அந்த ஆள் அந்த நாளில் எங்குமே இல்லை.

செவ்வாய்க்கிழமை ராம்பிரகாஷ் வந்தான். மேலகரத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். தன் கல்யாண வீடியோவைக் கொண்டுவந்திருந்தான்.

"ஞாயித்துக்கிழமை புது வீட்டுக்குப் பால் காய்ச்சுதோம் அண்ணாச்சி. சுவர் பூராத் திரை போட்டிருக்கேன். கல்யாணத்தப் போடணும்னு என் வீட்டுக்காரிக்கு ஆசை. போன வாரம் போட்டா, எம்பொண்ணு கேக்கா, அம்மா பின்னால நிக்குத அந்தச் சாம்பல் யாருப்பான்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

பவதாரிணி வீடியோவைத் திறந்தாள். முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. இது அவள் செய்த முதல் வேலை.

ராம்பிரகாஷ் தாலியை ஏந்திக் குனிகிறான். முதல் முடிச்சை அவன் போடுகிறான். மற்ற இரண்டு முடிச்சுகளும் நாத்தனார் போட வேண்டியவை. நாத்தனார் சிந்துஜா, அவனுடைய ஒரே தங்கை, மணப்பெண்ணின் பின்னால் நின்று மஞ்சள் கயிற்றை வாங்குகிறாள். அந்த வீடியோவில் நீக்குவதற்கு அதைவிடக் கடினமான இடம் கிடையாது. பதின்மூன்று வருடத்துக்கு முன் பவதாரிணி பதினோரு நாள் உட்கார்ந்து, அந்த இரண்டு கைகளின் மேல் மணப்பெண்ணின் ஜடையையும் மல்லிகைச் சரத்தையும் வரைந்து முடித்தாள். தங்கதுரை பார்த்துவிட்டு, "கைராசிக்காரி" என்றார். வேலை நிரந்தரமானது அன்றுதான்.

புதுத் திரையில் அந்த மல்லிகைச் சரத்துக்குள்ளிருந்து கண்ணாடி வளையல்கள் மின்னின. ஜடைக்கு மேலே, ஆள் இல்லாத இடத்தில், ஒரு மூக்குத்தி பளிச்சிட்டது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஒரு பெண்மணி துணித்திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அறுபதைத் தாண்டியவள். கையில் ஒரு ரவிக்கைத் துணி. கிளாடிஸ் அளவு நாடாவை எடுத்தாள்.

"ரவிக்கை கிடக்கட்டும் தாயி. வீடியோ பாக்குத பிள்ளை யாரு?"

கிளாடிஸ் கண்ணால் காட்டினாள். பெண்மணி இந்தப் பக்கம் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் ஆவுடையம்மாள். ராம்பிரகாஷுக்கு அம்மா. ரவிக்கை தைக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அவன் தங்கச்சிய அப்ப நீக்கினது நீதானா?"

பவதாரிணி மேசையைப் பார்த்தாள். "நாந்தாம்மா."

"நீக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நானு."

பக்கத்தில் தையல் மிஷின் ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

"அவ வேற சாதிப் பையனோட போயிட்டா. போய் ஒரு வருசம் கழிச்சு இவன் பேப்பரக் கொண்டாந்து நீட்டினான். எங்க வீட்டுக்காரர் அதுக்கு முன்னயே தவறிட்டாரு. வீடு எம்பேர்ல இருக்கதால நாந்தான் போடணுமாம். மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல." ஆவுடையம்மாள் ரவிக்கைத் துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "அவ வடக்க பிலாய்ல செத்து ஆறு வருசம் ஆவுது. காய்ச்சலாம். போன்ல சொன்னாவ. வீட்ல யாரும் அழப்பிடாதுன்னுட்டான். சொல்லிட்டு அவனும் ரெண்டு நாள் கடையத் திறக்கல."

"போட்டோ ஏதும் இல்லியாம்மா?"

"போன்ல இருந்தது அன்னைக்கே போச்சு. ஆல்பத்த அவன் கொண்டுபோனான். எங்கன்னு கேக்கல." அவள் நிமிர்ந்தாள். "போன வாரம் புதுத் திரையில போட்டப்ப எல்லாரும் பதறிட்டாவ. எனக்குப் பதறல. மூக்குத்தி மின்னிச்சு. எட்டுக்கல் மூக்குத்தி, நான் பண்ணிப்போட்டது. முகந்தான் இல்ல. ஏன் தாயி முகம் இல்ல?"

"முகம் நடுத்தர வெளிச்சம்மா. அது கீழடுக்குல இருந்திச்சு. அத நான் வரைஞ்சு மூடிட்டேன். ரொம்ப மின்னுதது, ரொம்ப இருட்டானது, ஓரம், இதெல்லாம் மேல தங்கிட்டு."

"மின்னுதது தப்பிச்சிட்டு."

"ஆமா."

"வெள்ளிக்கிழமை அதையும் எடுத்திருவியாமே."

பவதாரிணி தலையை மட்டும் ஆட்டினாள்.

"எடுக்காதன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. கையெழுத்துப் போட்டவ நான். எனக்கு ஒண்ணு எடுத்து வச்சுத் தர முடியுமா? அவ கை அந்தக் கயித்தப் பிடிக்குத இடம் மட்டும் போதும்."

நகல் எடுக்க முடியாது என்று சொல்ல வேண்டியதுதான். நீக்கப்பட்டவரின் படத்தை யாரும் நகலெடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. எடுத்தால் கடைக்குப் பூட்டு. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே நீக்கப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு என்ற பெயரில்தான். பவதாரிணி அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"சனிக்கிழமை காலைல வாங்கம்மா" என்று சொல்லிவிட்டாள்.

ஆவுடையம்மாள் போன பிறகு தங்கதுரை கணக்கு மேசையிலிருந்து எழுந்து வந்தார்.

"சனிக்கிழமை வந்தா என்னத்தக் குடுக்கப் போற?"

"தெரியல அண்ணாச்சி."

"தெரியாமலா சொன்ன? நீ பேசுததே வருசத்துக்கு நாலு வார்த்த. அதுல ஒண்ண இப்படி விட்டுட்டியே."

அன்று முழுக்க அவள் வேறு வேலை செய்தாள். வியாழக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கிளாடிஸ் வெட்டுத்துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு வாடிக்கைக்காரி தைத்த ரவிக்கைகளை வாங்க வந்தாள். கிளாடிஸ் ரசீதைப் பார்த்தாள்.

"மிச்சத்துணி வேண்டாம்னு போட்டிருக்கிய."

"வேண்டாம்க்கா. நீங்களே வச்சுக்கிடுங்க."

அவள் போனதும் கிளாடிஸ் அந்தத் துண்டுகளையும் பையில் போட்டாள். யாராவது தலையணை உறை தைக்கக் கேட்டால் அள்ளிக் கொடுப்பாள். பவதாரிணி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பக்கத்து ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

கடை தொடங்கிய புதிதில், தங்கதுரை வீடியோவுக்கென்று தனியாக ரசீது வடிவம் ஒன்றும் யோசிக்கவில்லை. அச்சகத்தில் மனைவியின் தையல் ரசீதைக் கொடுத்து, இதே மாதிரி அடித்துத் தாருங்கள் என்று சொல்லிவிட்டார். அச்சகத்துக்காரர் 'துணி' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே அடித்தார். பதின்மூன்று வருடமாக ஒவ்வொரு நீக்க ரசீதின் அடியிலும் ஒரு வரி இருந்தது: மிச்சம்: வேண்டும் / வேண்டாம். ஒருவரும் அதை நிரப்பியதில்லை. என்ன மிச்சம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"அண்ணாச்சி" என்றாள் பவதாரிணி.

அவள் தானாக அவரைக் கூப்பிட்டது அபூர்வம். அவர் உடனே திரும்பினார்.

"நகல் வேண்டாம். மூலத்தையே குடுத்துருவோம். உருவி எடுக்குத மேலடுக்கு மிச்சந்தான. ராம்பிரகாஷ் சார் வேண்டாம்னு போட்டா அது கடையோடது. கேட்டவங்களுக்குக் குடுக்கலாம்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கு பிள்ள."

"சட்டம் படத்தச் சொல்லுது. படம்னா போட்டா ஓடணும், ஆள அடையாளம் காட்டணும். இது படமே இல்ல, வெறும் தூசின்னு நீங்கதான முப்பத்தொரு பேருக்குச் சொன்னிய."

தையல் மிஷின் நின்றது. கிளாடிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது துணித்திரைக்கு இந்தப் பக்கமே கேட்டது.

"எம்பேச்ச எனக்கே மடிச்சுத் தாரா" என்றார் தங்கதுரை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு நீண்ட நேரம் ரசீதைப் பார்த்தார். "சரி. ஆனா ஒண்ணு. அவரு கையால டிக் போடணும். என்ன மிச்சம்னு கேட்டா ஒளிக்காமச் சொல்லணும். ஏமாத்தி வாங்கப்பிடாது. அவரு வேணும்னு போட்டுட்டா, எடுத்துக் குடுத்திரணும். அவரு அத என்ன செய்வாரோ அவர் பாடு. அந்த அம்மாகிட்ட நீதான் பதில் சொல்லணும்."

"சொல்லுதேன்."

"கேக்குததும் நீதான் கேக்கணும். நான் வாயத் திறக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ராம்பிரகாஷ் வந்தான். பவதாரிணி புதுத் திரையில் வீடியோவை ஓடவிட்டாள். மூலையில் ஈரடுக்கு முத்திரை தெரிந்தது. அவன் குனிந்தான், முதல் முடிச்சைப் போட்டான், நிமிர்ந்தான். ஜடை அசையாமல் கிடந்தது. மல்லிகை அசையாமல் கிடந்தது. மேளம் உச்சத்துக்குப் போய் இறங்கியது. எதுவும் மின்னவில்லை.

"சுத்தமா இருக்கு" என்றான். பிறகு, "இன்னொருக்கப் போடுங்க" என்றான்.

இரண்டாவது முறையும் பார்த்தான்.

"மத்த ரெண்டு முடிச்சும் எங்க?"

"இதுல இல்ல சார். ஒரு முடிச்சோட நிக்குது."

"முன்னயும் இப்படித்தான் இருந்திச்சா?"

"பதிமூணு வருசமா இப்படித்தான் சார் இருக்கு."

அவன் ரசீதை இழுத்துக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுப் பேனாவை மூடப் போனான். தங்கதுரை ஏதோ ஒரு காகிதத்தை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"சார். கீழ ஒரு வரி இருக்கு."

அவன் படித்தான். "என்ன மிச்சம்?"

"இதுலயிருந்து எடுத்த மேலடுக்கு. உங்க வீட்டுப் பொருள். வேணும்னா இப்பவே தந்திருவோம். வேண்டாம்னா கடையில கிடக்கும். யாராவது கேட்டாக் குடுப்போம்."

"யாரு கேப்பா, இத?"

பவதாரிணி முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "தெரிஞ்சவங்க கேப்பாவ."

பேனா அந்த வரிக்கு மேலே நின்றது.

"அதப் போட்டா ஆளு தெரியுமா?"

"அது படம் இல்ல சார். தெரிஞ்சவங்களுக்குத் தெரியலாம்."

அவன் வாசலைப் பார்த்தான். எதிர்க்கடையில் ஒருவர் வெயிலுக்குச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். அது முழுவதும் கட்டி முடியும்வரை அவன் அதைப் பார்த்தான். பிறகு 'வேண்டாம்' என்பதில் டிக் போட்டான். அழுத்திப் போட்டதில் அடுத்த தாளிலும் தடம் விழுந்தது. வீடியோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"அவனுக்குத் தெரியும்" என்றாள் கிளாடிஸ், துணித்திரைக்கு அப்பாலிருந்து.

"தெரிஞ்சாலும் போட்டுட்டாம்லா" என்றார் தங்கதுரை. "அந்த ரசீதப் பத்திரமா வையி தாரிணி."

சனிக்கிழமை காலை ஆவுடையம்மாள் வந்தாள். வீட்டில் ரவிக்கை வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். கிளாடிஸ் உண்மையிலேயே தைத்து வைத்திருந்தாள்.

கிளாடிஸ் ரவிக்கை மாதிரிகளைக் காட்டுவதற்கு என்று வாங்கியிருந்த ஈரடுக்குக் கைத்திரை ஒன்று சும்மா கிடந்தது. பவதாரிணி அதைத் துடைத்து எடுத்தாள். மேலடுக்கு தனியாக ஓடாது. அதற்குக் கீழே ஏதாவது ஒரு படம் வேண்டும். அவள் ஒரே சாம்பல் நிறத்தில், ஒன்றுமே வரையாத ஒரு தாள் மாதிரி ஒரு கீழடுக்கைச் செய்து அடியில் வைத்திருந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லிருதேன். இதுல உங்க மக எப்படித் தெரிவான்னு எனக்கே தெரியாது. நான் இன்னும் பாக்கல. நீங்க வந்த பிறகு பாக்கலாம்னு வச்சிருந்தேன்."

"போடு தாயி."

சாம்பல் திரை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அசைந்தது.

மண்டபம் இல்லை. சுவர் இல்லை. பந்தல் வாழைமரங்கள் வெறும் கோடுகளாக நின்றன. ஓமத்தீ மட்டும் முழுசாக, நாக்கு நாக்காக எரிந்தது. அதைச் சுற்றி மின்னல் பொட்டுகள். ஜிமிக்கி, மோதிரம், பல், நனைந்த கண், ஜரிகைக் கரை. ஐயருக்கு முகம் இல்லை, நெற்றியில் வியர்வை இருந்தது. மணப்பெண்ணுக்கு முகம் இல்லை, நெற்றிச்சுட்டி இருந்தது. உட்கார்ந்திருந்த கூட்டம் முழுவதும் கறுத்த தலைகளும் பளிச்சிடும் காதுகளுமாக இருந்தது.

பவதாரிணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நீக்கப்பட்டவள் மட்டும் இப்படி இருப்பாள் என்று நினைத்திருந்தாள். இதில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். முகம் உள்ள ஒரே ஓர் ஆள்கூட இல்லை. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே அளவு வெளிச்சம், ஒரே அளவு சாம்பல். யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்று இதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

"இதுல நான் எங்க?" என்றாள் ஆவுடையம்மாள்.

"இந்தா, இந்தப் பக்கம். உங்க வளையல் பாருங்க."

"ஆமா. இது ராமு. அவுக அப்பா மோதிரம்." அவள் விரல் திரைக்கு மேலே, தொடாமல், நகர்ந்தது. "இவ."

எட்டுக்கல் மூக்குத்தி குனிந்தது. மோதிரக் கை கயிற்றை நீட்டியது. வளையல் கைகள் வாங்கின. நடுவில் ஜடையும் இல்லை, மல்லிகையும் இல்லை. வளையல்கள் ஒருமுறை சுழன்று இறுகின. ஒரு முடிச்சு. மறுபடி சுழன்றன. இன்னொரு முடிச்சு. பிறகு அந்த மூக்குத்தி நிமிர்ந்து மோதிரத்தின் பக்கம் திரும்பியது, இருட்டுக்குள் ஒரு வரிசைப் பற்கள் வெளுத்தன. மோதிரத்துக்கு மேலேயும் பற்கள் வெளுத்தன. அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். கீழடுக்கில் அவன் வெறும் ஜடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று வருடமாக.

ஆவுடையம்மாள் அழவில்லை. மூன்று தடவை பார்த்தாள். பிறகு கைத்திரையை ரவிக்கைக்குள் வைத்துச் சுற்றினாள்.

"நான் இங்க வந்தது, வாங்கினது எல்லாம் அவனுக்குத் தெரியாது" என்றாள். "அவன் வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

"கேக்க மாட்டாருன்னு நினைக்கேன்."

"கேட்டா?"

"நீங்களே சொல்லுங்கம்மா."

ஆவுடையம்மாள் யோசித்தாள். "வாயத் திறந்து கேட்டாம்னா சொல்லிரு. கேக்காத வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து விளக்குப் போடும்போதே போன் அடித்தது. தங்கதுரை வெளியே ஷட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பவதாரிணி எடுத்தாள்.

"ராம்பிரகாஷ் பேசுதேன்."

"சொல்லுங்க சார். பால் காய்ச்சு நல்லா முடிஞ்சுதா?"

"முடிஞ்சிது." அவன் குரலைத் தாழ்த்தினான். "எல்லாரும் இருக்கயில போட்டோம். எம்பொண்ணு எல்லார் முன்னயும் கேட்டுட்டா. அப்பா ஒரு முடிச்சுத்தான போட்டாவ, மத்தத யாரு போட்டான்னு. என் வீட்டுக்காரி கழுத்தத் தொட்டுப் பாத்துக்கிட்டா."

பவதாரிணி காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருப்பது எப்போதும் சுலபமாக வரும்.

"அந்த ரசீதுல நான் வேண்டாம்னு போட்டேம்லா" என்றான். "அது இன்னும் கிடக்கா? யாரும் கேட்டு வாங்கிட்டாவளா?"

"வாங்கிட்டாவ சார்."

"யாரு?"

ஷட்டர் கடகடவென்று மேலே போனது. வெயில் கடைக்குள் பாதிவரை வந்து விழுந்தது.

"அது உங்க வீட்லதான் சார் இருக்கு" என்றாள் பவதாரிணி. "புது ரவிக்கைக்குள்ள."

அவன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவன் வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிடுவது தூரத்தில் கேட்டது.

"அம்மா."

பிறகு, முதல் தடவை சரியாகக் கேட்டிருக்காது என்று நினைத்தவன் போல, இன்னும் கொஞ்சம் சத்தமாக.